நீலக் கண் பிள்ளையார்

ஆமாம் அக்கா, விசேஷ வீட்டுப் பைதான். தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். கும்பகோணத்தில் ஒரு கிரகப்பிரவேசம். நான் குத்தாலத்தில் இறங்கிவிடுவேன். நீங்கள் மாயவரம் வரைக்குமா? அப்படியானால் குத்தாலத்துக்குப் பிறகு ஜன்னல் ஓரம் உங்களுக்கு.

அழவில்லை. ஹோமப் புகை. எனக்குப் புகை ஒத்துக்கொள்ளாது.

நான் பஸ்ஸில் யாரோடும் பேசுகிற ஆள் இல்லை. பஸ் நிற்காமல் போனால்கூட "நிறுத்துங்க" என்று சத்தம் போட வராது, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேன். "நாக்கை எங்கேயாவது அடகு வச்சிட்டியாடி?" என்று அம்மா கேட்பாள். ஒரு காலேஜ் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கேயும் பேசக் கூடாது என்று போர்டே எழுதி மாட்டியிருக்கிறது, எனக்கு அதுதான் சௌகரியம். இன்றைக்கு என்னவோ, நீங்கள் யார் வீட்டு விசேஷம் என்று ஒரு வார்த்தை கேட்டதும் வாய் திறந்துகொண்டுவிட்டது.

தெரிந்தவர் வீடுதான். அம்பலவாணன் என்று பெயர். பாலிடெக்னிக்கில் வாத்தியார். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையார் திருட்டுப் போனார், அப்போது எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தவர். அந்தப் பிள்ளையாரைப் பற்றிச் சொன்னால்தான் அவரைப் பற்றிப் புரியும்.

உடைந்த சாமிப் படத்தை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. உங்கள் பக்கமும் அப்படித்தானே? எங்கள் ஊரில் காவிரிப் படித்துறையில் ஒரு அரசமரம் இருக்கிறது. கண்ணாடி விரிந்த முருகன், கரையான் அரித்த லட்சுமி, கை போன கொலு பொம்மை, எல்லாவற்றையும் அங்கே சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். வைத்ததை யாரும் எடுக்க மாட்டார்கள். மழையும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். நான் வேலை விட்டு வரும்போது அந்த வழியாகத்தான் வருவேன். புதிதாக யார் வந்திருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவது பழக்கம். சிரிக்காதீர்கள்.

போன வருஷம் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் அந்தக் குவியலில் வெள்ளையாக ஒரு காது தெரிந்தது. சட்டம் போன படங்களுக்கு அடியில் காது மட்டும். நாலு பக்கமும் பார்த்தேன். ஆற்றில் ஒருவர் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார், அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து இழுத்தேன். ஒரு சாண் உயரப் பிள்ளையார். பீங்கான், ஆனால் தட்டு மாதிரிப் பளபளப்பு இல்லை. முட்டை ஓட்டைத் தடவின மாதிரி இருந்தது. ஒரு காதின் நுனி மூளி. அது ஒன்றுதான் குறை. அதற்காக அவரைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

மண்ணைத் துடைத்தேன். கண் நீலமாக இருந்தது அக்கா.

சாமிக்கு நீலக் கண்ணா என்று நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். எல்லாரும் அப்படித்தான் சுளித்தார்கள். எனக்கு மட்டும் ஏனோ அந்தக் கண் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. அதோடு இரண்டு தந்தமும் முழுசு. பிள்ளையாருக்கு ஒரு தந்தம் ஒடிந்திருக்க வேண்டும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவருக்கு இரண்டும் இருந்தது. காலடியில் எலி இருந்தது, அது எலி மாதிரியே இல்லை, தொங்கின காதோடு நாய்க்குட்டி மாதிரி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மா வாசலிலேயே மறித்தாள். "யாரோ கழிச்சுப் போட்டதைத் தூக்கிட்டு வந்திருக்கியே, அவங்க வீட்டுப் பீடையெல்லாம் நமக்கா?" என்றாள். அப்புறம் கண்ணைப் பார்த்தாள். "இது யாருடி, வெள்ளைக்காரப் பிள்ளையாரு? சதுர்த்திக்கு இவருக்குக் கொழுக்கட்டை பிடிக்கணுமா, கேக்கு வாங்கணுமா?" அப்பா பேப்பரை விலக்காமலே, "கேக்குன்னா எனக்கும் ஒண்ணு சொல்லு" என்றார். அவ்வளவுதான், பிள்ளையார் உள்ளே வந்துவிட்டார். எங்கள் வீட்டில் அம்மாவைச் சிரிக்க வைத்துவிட்டால் போதும்.

அம்பலவாணன் சார் சனிக்கிழமைகளில் எங்கள் நூலகத்துக்கு வருவார். பழைய மாவட்டக் கெஜட்டுகள் எங்களிடம் இருக்கின்றன, யாரும் தொடாதவை. அவருக்குப் பழைய பொருள் என்றால் போதும். பழைய சோடா பாட்டில், பூட்டு, தீப்பெட்டி மேல் ஒட்டுகிற படம், எல்லாம் சேர்ப்பார். வந்தால் என் மேஜைக்கு முன்னால் நின்று, இன்றைக்கு என்ன கிடைத்தது என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். சொல்லி முடித்துவிட்டு, "நீங்க என்ன நினைக்கிறீங்க மேடம்?" என்று கேட்பார். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் எம்.ஏ. வரலாறு படித்தவள்தான், ஆனால் என்ன நினைக்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை. அவர் கேட்பார். நான் பதில் யோசிப்பதற்குள் அவரே பதிலும் சொல்லிவிடுவார். இருந்தாலும் கேட்பார்.

அவரிடம் சொன்னேன். நானாக ஒருவரிடம் போய்ச் சொன்ன முதல் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். அன்றைக்கே சாயந்தரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிள்ளையாரைக் கையில் எடுத்தார், தலைகீழாகத் திருப்பினார். அடியில் அச்சுக் குத்தின மாதிரி ஒரு எண்ணும் இரண்டு எழுத்தும் இருந்தன. அதைக் கட்டைவிரலால் துடைத்துத் துடைத்துப் படித்தார். நான் பார்த்தேன்.

"செண்பகவல்லி, இது எங்கே கிடைச்சுது உங்களுக்கு?" என்றார்.

முழுப் பெயரையும் சொன்னார் அக்கா. அதுவரை மேடம். அதற்கப்புறமும் மேடம்தான். அந்த ஒரு தடவை மட்டும் செண்பகவல்லி.

ஜெர்மனியில் செய்தது, நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார். அந்தக் காலத்தில் நம் சாமிகளை அங்கே வார்த்துக் கப்பலில் கொண்டுவந்து பெரிய வீடுகளுக்கு விற்பார்களாம். லட்சுமி, கிருஷ்ணன் எல்லாம் அவரே பார்த்திருக்கிறார். "ஆனா நீலக் கண்ணுல பிள்ளையார் நான் பாத்ததே இல்ல, கேள்விப்பட்டதும் இல்ல. இந்த மாதிரி இன்னொண்ணு இருக்காது" என்றார். செய்தவன் யானைமுகச் சாமியை எங்கே கண்டான், யாரோ அனுப்பின படத்தைப் பார்த்துச் செய்திருப்பான். அதனால்தான் தந்தம் முழுசு, எலி நாய்க்குட்டி. கண் மட்டும் அவன் வீட்டுக் கண். நான் அதைப் பற்றி ரொம்ப நாள் யோசித்தேன். அவனுக்கு ஒரு சின்னப் பெண் இருந்திருப்பாள். கண்ணுக்கு வண்ணம் தொடும்போது அவள் பக்கத்தில் நின்றிருப்பாள். இதை நான் சாரிடம் சொல்லவில்லை. சொல்ல நினைத்து, சொல்லவில்லை.

அதிலிருந்து சார் வீட்டுக்கே வர ஆரம்பித்தார். பிள்ளையாரைப் பார்க்கத்தான். எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தார். அடிப்பக்கம், காது, எலி. டேப் வைத்து உயரம், அகலம் எல்லாம் அளந்தார். "எங்க அத்தை பொண்ணு ஒண்ணு இருக்கு, இந்த மாதிரி பொம்மைன்னா அதுக்கு உயிரு. போட்டோ காட்டினா குதிக்கும்" என்றார். அம்மா அப்போது காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றுகிற கை அப்படியே நின்றது. ராத்திரி, "அத்தை பொண்ணாமே?" என்று என்னைக் கேட்டாள். "ஆமாம், அத்தைக்குப் பொண்ணு இருக்கக் கூடாதா?" என்றேன். அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள். அம்மாவுக்கு எல்லாவற்றிலும் கணக்கு. ஆவணியில் ஒருநாள், "அந்த சார் என்ன ஆளுங்க?" என்று அப்பாவைக் கேட்கிறாள், எனக்குக் கேட்கிற மாதிரி. அப்பா, "நம்ம ஆளுங்கதான், விசாரிச்சுட்டேன்" என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அப்படி எதுவும் நினைக்கவில்லை அக்கா. அவர் பிள்ளையாரைப் பார்க்க வருகிறவர். அவ்வளவுதான்.

கொஞ்சம் நல்ல புடவையாகக் கட்ட ஆரம்பித்தேன், அது வேறு. நூலகத்தில் தூசி அதிகம் என்று பழைய சுடிதாராகப் போட்டுக்கொண்டிருந்தேன், அந்த மாதம் தூசி குறைவு.

புரட்டாசியில் கொலு வைத்தோம். மூளி பொம்மையைக் கொலுவில் வைக்கக் கூடாது என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். நான் வாழ்க்கையில் முதல் தடவையாக அடம் பிடித்தேன். கடைசியில் காது நுனி தெரியாமல் பூ வைத்து மூன்றாம் படி நடுவில் வைத்தோம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவர் முன்னால்தான் நின்றார்கள். பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், பாதிப் பேர் பயந்தார்கள். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற வேம்பு அந்தக் கூடத்துப் பக்கமே வர மாட்டாள். "தொரை முறைச்சுப் பாக்கற மாதிரியே இருக்குக்கா" என்பாள்.

சார் ஒருநாள் கொலு முன்னால் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், பிள்ளையாரைக் காசு கொடுத்து வாங்குவதைவிடத் திருடிக்கொண்டுவந்து வைத்தால்தான் விசேஷம் என்று. உங்களுக்கும் தெரியும்தானே, எல்லாரும் சொல்வதுதான். "எங்க தெரு முனைப் பிள்ளையாரே பக்கத்து ஊர்லேர்ந்து தூக்கிட்டு வந்தவர்தான். அதுக்கப்புறம்தான் தெருவே நிமிந்துது" என்றார். அம்மா, "அதனாலதான் எல்லா ஊர்லயும் பிள்ளையாரைக் கம்பிக்கதவுக்குள்ள போட்டு வச்சிருக்கான், ஜெயில் கணக்கா" என்றாள். எல்லாரும் சிரித்தோம். சார்தான் அதிகமாகச் சிரித்தார்.

சரஸ்வதி பூஜை அன்றைக்கு வீடு கொள்ளாத கூட்டம். தெருவே வந்துவிட்டுப் போனது. சாரும் வந்தார். மஞ்சள் பையில் மாதுளம்பழம் கொண்டுவந்தார். பழத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். நான் எல்லாருக்கும் குங்குமம் கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய் சுண்டல் எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவர் வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தார். "சுண்டல் சாப்பிடலையே சார்" என்றேன். "அவசரம் மேடம், இன்னொரு நாள்" என்றார். பையைக் கக்கத்தில் அணைத்துப் பிடித்திருந்தார், குழந்தையைப் பிடிக்கிற மாதிரி. "குடை இருக்கு" என்று அவராகவே சொன்னார். நான் கேட்கவில்லை. புரட்டாசியில் மழை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும், குடை வைத்துக்கொள்வது நல்லதுதான்.

கூட்டம் கலைந்து தீபாராதனை காட்டும்போது அம்மாதான் பார்த்தாள். மூன்றாம் படி நடுவில் பூ மட்டும் கிடந்தது.

எப்படிச் சொல்வது உங்களுக்கு. பொம்மைதானே என்பார்கள். படிகளுக்கு அடியில் புகுந்து தேடினேன், துணியையெல்லாம் உருவி எடுத்தேன், மற்ற பொம்மைகள் சரிந்து விழுந்தன. அம்மா, "பூஜை அன்னிக்கு என்னடி இது, என்னடி இது" என்று என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்பா போலீசுக்குப் போகலாம் என்று சட்டையை எடுத்து மாட்டினார். அப்புறம், "எங்க வாங்கினீங்கன்னு கேப்பான். மரத்தடியில பொறுக்கினோம்னு சொல்றதா?" என்று கழற்றிவிட்டார். தெருவில் சொன்னால், "பிள்ளையாரா? திருட்டுப் போனா நல்லதுதாம்மா" என்கிறார்கள். வேறு எந்தச் சாமான் போயிருந்தாலும் கூடவே உட்கார்ந்து அழுதிருப்பார்கள். பிள்ளையார் போனதற்கு அழக்கூட விடவில்லை என்னை.

சாருக்குப் போன் செய்தேன். நானாக அவருக்குச் செய்த ஒரே போன். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அவ்வளவு அதிர்ச்சி அவருக்கு. அப்புறம் மெதுவாக, "வேலை செய்யறவங்களைக் கேட்டீங்களா?" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை, பாருங்கள். அம்மாவுக்கும் தோன்றவில்லை. மறுநாள் அம்மா வேம்புவிடம் கேட்டாள், நேரடியாக இல்லை, சுற்றி வளைத்துத்தான். வேம்பு தேய்த்துக்கொண்டிருந்த குண்டானைக் கீழே வைத்தாள். "பெரியம்மா, அந்தக் கண்ணைப் பாத்தாலே எனக்கு ஒதறும். அதைத் தூக்கிட்டுப் போயி எங்க வச்சுக்குவேன்?" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு போனவள்தான். வாங்க வேண்டிய பாக்கிச் சம்பளத்துக்குக்கூட வரவில்லை. தப்புச் செய்யாதவள் என்றால் எதற்கு நின்றுவிட வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

நின்றுவிட்டால் திருடி என்று அர்த்தமில்லை என்கிறீர்களா? அதுவும் சரிதான். சாரும்தான் வருவதை நிறுத்திவிட்டார். அது வேறு. அவருக்கு அந்த இடத்தைப் பார்க்க மனசு கேட்காது. கடைசியாக நூலகத்துக்கு வந்தபோது என் முகத்தையே அவரால் பார்க்க முடியவில்லை, அலமாரியைப் பார்த்துத்தான் பேசினார். "கவலைப்படாதீங்க மேடம். எங்க இருந்தாலும் நல்லா வச்சிருப்பாங்க. கும்பிடறவங்க கைக்குத்தான் போயிருப்பார்" என்றார். யார் அந்த மாதிரி ஆறுதல் சொல்வார்கள்? எங்கள் தெருவில் ஒருத்தர் சொல்லவில்லை.

அதற்கப்புறம் எத்தனையோ சனிக்கிழமைகள் கெஜட்டுகளை எடுத்து அவர் உட்காருகிற மேஜையில் வைப்பேன். ஃபேனுக்கு அடியில் இருக்கிற நாற்காலி, பிள்ளைகள் யாராவது உட்கார வந்தால் ஆள் வருகிறது என்று சொல்லிவிடுவேன். சாயந்தரம் கெஜட்டுகளைத் திரும்ப அலமாரியில் வைப்பேன். திரும்பி வரும்போது அரசமரத்தடியில் பார்ப்பேன். எடுத்தவர்களுக்கு மனசு உறுத்தி அங்கேயே கொண்டுவந்து வைத்திருப்பார்கள் என்று. முன்னெல்லாம் ஒரு பார்வைதான். இப்போது உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்ப்பேன். ஒருநாள் மாடு குளிப்பாட்டுகிறவர், "என்னம்மா தேடறீங்க?" என்று கேட்டார். என்ன சொல்ல. கம்மல் விழுந்துவிட்டது என்றேன். பாவம், அவரும் குனிந்து தேடினார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சார் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன். இது எனக்கு வேண்டும் செண்பகவல்லி என்று ஒரு வார்த்தை. அன்றைக்கே, துப்பட்டாவில் சுற்றி, கையில் கொடுத்திருப்பேன். அது அவருக்கும் தெரியும், நன்றாகவே தெரியும். கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்த ஒருவர் எதற்காக எடுக்க வேண்டும்? அம்மா ஒருநாள் ஜாடையாக ஏதோ சொன்னபோது இதைத்தான் சொல்லி வாயை அடைத்தேன். அம்மா, "நீ கொடுத்தா அது வெறும் பொம்மைடி" என்றாள். அது என்ன பேச்சு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

போன வாரம் எங்கள் காலேஜ் நோட்டீஸ் போர்டில் பத்திரிகை. புதுமனை புகுவிழா, அனைவரும் வருக. கீழே அம்பலவாணன், சுபாஷிணி என்று இரண்டு பெயர். தங்கை இருப்பாள், அவள் பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். போடுகிறவர்கள் உண்டு. தனியாக எனக்கு ஒன்றும் வரவில்லை, அனைவரும் என்றால் நானும்தானே. அம்மாவிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "போகாதே" என்று மட்டும் சொன்னாள். புடவை எடுத்தேன், பூ வைத்துக்கொண்டேன். "போகாதேன்னு சொன்னேன்" என்றாள் மறுபடியும். கத்தவில்லை, அதுதான் ஆச்சரியம்.

வீடு அழகாகக் கட்டியிருக்கிறார். வாசலில் அவரே நின்றிருந்தார், பட்டுவேட்டி. "வாங்க மேடம். அப்பா அம்மா வரலியா?" என்றார். பக்கத்தில் ஒரு பெண். கழுத்தில் மஞ்சள்கயிறு இன்னும் மங்கவில்லை. "சுபா, இவங்க லைப்ரரி மேடம்" என்றார். அவ்வளவுதான். தைமாதம் கல்யாணமாம். அந்தப் பெண்தான் அத்தை பொண்ணாம். அம்மா ஏன் அன்றைக்குக் காபியை ஆற்றாமல் நின்றாள் என்று அப்போது... சரி விடுங்கள்.

நல்ல பெண் அக்கா. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு அறையாகக் காட்டினாள். பூஜை அறைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். நடுவில் பிள்ளையார்.

ஒரு சாண் உயரம். பீங்கான்.

"எங்க வீட்டுப் பிள்ளையார் திருட்டுப் பிள்ளையாருங்க" என்று சுபாஷிணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கேர்ந்தோ யாருக்கும் தெரியாம கொண்டாந்து என் கையில குடுத்தாரு. இப்படி வந்தவரை வச்சாத்தான் குடும்பம் நிலைக்குமாம். யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. நான் காலையிலேர்ந்து எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன்." சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "நீங்களும் பொட்டு வைங்க. கண்ணைத் தொட்டுடாதீங்க, நேத்துதான் கண் திறந்தோம், இன்னும் காயல" என்றாள்.

கண் கறுப்பு. கருகருவென்று, தெருவில் விற்கிற பிள்ளையார் மாதிரி.

இல்லை அக்கா. அது எங்கள் பிள்ளையார் இல்லை. நானும் ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். எங்களுடையவருக்கு நீலக் கண். அது நூறு வருஷமாகத் திறந்திருந்த கண். இவருக்கு நேற்றுதான் திறந்திருக்கிறார்கள், அந்தப் பெண்ணே சொல்கிறாள். அப்படியானால் இது வேறுதானே? எலி நாய்க்குட்டி மாதிரி இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஒரே அச்சில் எத்தனையோ வார்த்திருப்பார்கள். இன்னொன்று இருக்காது என்று சார் சொன்னார், சார் சொன்னால் வேதமா? அவரும் தப்பாகச் சொல்லலாம். காதைப் பார்க்கலாம் என்றால் இரண்டு காதையும் மூடிப் பூ வைத்திருந்தார்கள். பிறத்தியார் வீட்டுப் பூஜை அறையில் பூவை விலக்கிப் பார்க்க முடியுமா? கும்பகோணத்தில் திருட்டுப் பிள்ளையார் இல்லாத தெரு உண்டா?

பொட்டு வைத்தேன். என் கை கொஞ்சம் ஆடியது, மோதிர விரல் கண்ணில் பட்டு இழுத்துவிட்டது. இழுத்த இடத்தில் அடியில் என்ன நிறம் என்று நான் பார்க்கவில்லை. உடனே திரும்பிவிட்டேன். பார்க்கவில்லை அக்கா. சத்தியமாகப் பார்க்கவில்லை.

திரும்பினால் சார் நிலைப்படிக்கு வெளியே நிற்கிறார். உள்ளே வரவில்லை, விருந்தாளிகளைக் கவனிக்க வேண்டாமா. என் கையைப் பார்த்தார். பிள்ளையாரைப் பார்க்கவே இல்லை, என் கையைத்தான் பார்த்தார். "சாப்பிட்டுட்டுப் போங்க மேடம்" என்றார். பஸ் போய்விடும் என்றேன். இந்த வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்று அவருக்கும் தெரியும். சரி என்றார். இந்தப் பையை அவரே எடுத்துக் கொடுத்தார், இரண்டு கையாலும்.

நான் அங்கேயே கேட்டிருக்க வேண்டும் என்கிறீர்கள். என்னவென்று கேட்பது? அத்தனை பேருக்கு நடுவில், அந்தப் பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், இன்றைக்குத்தான் அந்த வீட்டில் முதல் தடவையாகப் பால் காய்ச்சியிருக்கிறாள். கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? இனிமேல் எந்த மரத்தடியில் போய்த் தேடுவேன்?

அதோ ரயில்வே கேட் வந்துவிட்டது. அடுத்தது எங்கள் ஊர்தான். கொஞ்சம் காலை நகர்த்திக்கொள்ளுங்கள் அக்கா.

இதுவா? மை இல்லை. விளக்குக் கரி. அவர்கள் வீட்டுக் குத்துவிளக்கைத் தூண்டிவிட்டேன், அப்போது ஒட்டிக்கொண்டது.

வேண்டாம், வேண்டாம், உங்கள் கைக்குட்டை வீணாகும். தண்ணீரும் வேண்டாம். கையை விடுங்கள் அக்கா. அது பாட்டுக்கு இருக்கட்டும்.